காலித் தட்டின் எடை

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மனைவி, தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்து அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிட்ட என் மைத்துனன். தம்பி மகள் உள் அறையில் படுத்திருந்தாள். வேறு யாரும் வீட்டில் இல்லை. தானும் கூடவே இருந்ததாகச் சொல்லித் திரிகிற பக்கத்து வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை.

இதை எழுதலாமா என்று தம்பி மகளிடம்தான் முதலில் கேட்டேன். "எல்லாரும் தப்பாப் பேசறாங்க. நீங்களாவது சரியா எழுதுங்க" என்றாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்திலும் என் கைபேசி எண்தான் இருக்கும். மின்சாரம், வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும். அப்பா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. அன்றிலிருந்து அப்படித்தான். நான் படிக்காமல் தம்பி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் தராசுகள் தானாக நிமிர்ந்து நிற்கும் என்று கேலி பேசுவார்கள். எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றி வெளியே யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்தே வாழ்ந்தேன்.

தம்பி மகளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். வயது பதினாறு. பார்த்தால் பத்து சொல்லலாம். எட்டு வயதில் சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்து, வளர்த்தி அத்தோடு நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். சொட்டுச் சிறுநீர் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. குடிக்கிற தண்ணீர் அத்தனையும் உடம்பிலேயே தங்கும், மெஷின்தான் அதை இறக்கும். அதனால் தினமும் காலையில் அவளை நிறுத்து நோட்டில் எழுதுவேன். தண்ணீர் ஏறாத நிலையில் அவள் எடை முப்பது கிலோ. எடைக் கருவியை மாதம் ஒருமுறை நானே சரிபார்ப்பேன். "என்னை வெங்காய மூட்டை மாதிரி நிறுக்கறாரு" என்று அவள் டயாலிசிஸ் பிரிவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தம்பியின் மனைவி முன்வந்தாள். பொருத்தம் இருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் பத்தே நாள். கடைசிச் சுற்றுப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை பொடிசுக்கு ரத்தம் எடுத்தார்கள். சனிக்கிழமை மதியம் முடிவு என் கைபேசிக்கு வந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ரத்த வகை, மஞ்சள் காமாலை, காசநோய். எல்லாம் சரி. ஒன்பதாவது வரி கர்ப்பப் பரிசோதனை. எதிரே பாசிட்டிவ் என்று இருந்தது.

மறுபடி மேலிருந்து படித்தேன். பெயர், வயது, கோப்பு எண் எல்லாம் பொடிசினுடையதுதான். தட்டில் வைத்த கை தட்டிலேயே இருந்தது. மனைவி ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. கைபேசியைத் தம்பியிடம் நீட்டினேன்.

"என்ன அத்தான், லாட்டரி விழுந்துச்சா?" என்று மைத்துனன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்தான்.

"இது வேற யாரோடதோ மாறி வந்திருக்கும் அண்ணா" என்றான் தம்பி.

"பேரைப் பாரு. நம்பரைப் பாரு."

தம்பியின் மனைவி கைபேசியை வாங்கிப் படித்தாள். அவள் என்னோடு நேருக்கு நேர் பேசுகிறவள் அல்ல. இருபது வருடத்தில் பேசிய பேச்சை இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். "இருக்காது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பொடிசைக் கூப்பிட்டோம். தலையணை அச்சு கன்னத்தில் பதிந்திருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். என் மனைவிதான் கேட்டாள்.

"ஏண்டி, உனக்குக் கடைசியா எப்ப வீட்டு விலக்கு வந்துச்சு?"

"அஞ்சு மாசம் இருக்கும் பெரியம்மா. ஏன்?"

"அஞ்சு மாசமா! யார்கிட்டயும் சொல்லலையா?"

"நர்ஸக்காகிட்ட சொன்னேனே. மெஷின்ல இருக்கறவங்க நெறைய பேருக்கு நின்னுடும்னாங்க. வீட்ல சொன்னா மாநாடு போடுவீங்க. இதோ, போட்டிருக்கீங்கல்ல?"

அஞ்சு மாசம் என்ற சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. கைபேசியை அவளிடம் காட்டினேன். படித்தாள். சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"நானா? அப்பா யாரு பெரியப்பா, மெஷினா? வாரத்துல மூணு நாள் என்னைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கறது அது ஒண்ணுதான்."

"வாயை மூடு. யாருன்னு கேக்கறேன்."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு உதட்டிலிருந்து போக நேரம் பிடித்தது.

"நிஜமாவே கேக்கறீங்களா பெரியப்பா?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல வேண்டும்.

பொடிசு பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. பாடம் சொல்லித்தர வருகிறவர் ஒரு பெண்மணி. அவள் போகிற ஒரே வெளியிடம் டயாலிசிஸ் பிரிவு. அங்கே ஒரு டெக்னீஷியன் இருந்தான். ஊசி குத்தும்போது ஜட்ஜம்மா என்று கூப்பிட்டு ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைப்பான். அவள் பேச்சில் வாரத்துக்கு நாலு தடவை அவன் பெயர் வரும். போதாதா? அவன்தான் என்று ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டினேன். அங்கே மூன்று நர்ஸுகள், ஒன்பது நோயாளிகள், திறந்த கூடம், நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ நாள் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அன்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் இருக்கிறார். நாள் குறிப்பது அவர் வேலை. அவருக்குப் போன் செய்தேன். சிறுநீரகம் கொடுக்கிறவளுக்குக் காய்ச்சல், நாளைத் தள்ளி வையுங்கள் என்றேன். பொய்.

"எத்தனை நாளா காய்ச்சல் சார்?"

"ரெண்டு நாளா."

"ரொம்ப அதிகமா?"

"ஆமா."

முப்பத்து நான்கு வருடம் அடுத்தவன் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன், நாக்குக் குழறாமல் மூன்று பொய் சொன்னேன்.

மைத்துனனுக்கு வேறு ஊரில் ஒரு கிளினிக் தெரிந்திருந்தது. "கேள்வி கேக்க மாட்டாங்க அத்தான். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்" என்றான். செவ்வாய்க்கிழமை போவதென்று முடிவு செய்தோம். அதுவரை பொடிசு ஆஸ்பத்திரி பக்கமே போகக்கூடாது என்றேன். அப்படியானால் திங்கட்கிழமை டயாலிசிஸ் கிடையாது. ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன ஆகும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கேட்டுக் குறித்தும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் யாரோடும் பேசவில்லை. தம்பியின் மனைவி இரண்டு முறை தட்டோடு உள்ளே போய் அதே தட்டோடு வெளியே வந்தாள்.

திங்கள் காலை பொடிசு தானாகவே கூடத்துக்கு வந்து எடைக் கருவியில் ஏறி நின்றாள். முப்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம். நோட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டே அவள் வயிற்றைப் பார்த்தேன். சட்டைக்கு மேலேயே தெரிந்தது, வீங்கியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும், "யாருக்கும் தெரியாம எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்று அதட்டியிருப்பேன். இரண்டு வருடமாக இதே கையால் இதே நோட்டில் தண்ணீரின் எடையைத்தான் எழுதி வருகிறேன். அன்று எனக்குத் தண்ணீர் ஞாபகமே வரவில்லை. வயிறு மட்டும்தான் தெரிந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"எட்டு மணி ஆச்சு பெரியப்பா. கிளம்பலாமா?"

"இன்னிக்கு வேண்டாம்."

"மெஷினுக்கா வேண்டாம்?"

"வேண்டாம்னு சொன்னேன்ல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிற பெண். கருவியிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொரு மணிக்கு அவள் மூச்சு கூடத்தில் கேட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டுக்கு உட்காரவும் முடியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு நீலமாக இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். "என்னங்க" என்றாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை.

தம்பியின் மனைவி தோளில் பையோடு வெளியே வந்தாள். ஒரு கையில் பொடிசைத் தாங்கியிருந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"மெஷினுக்கு."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"கேட்டுச்சு" என்றாள். வாசலில் வாடகைக் கார் நின்றது. எப்போது கூப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

என் வீட்டில் என்னைக் கேட்காமல் நடந்த முதல் காரியம் அது. தம்பி வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

நானும் மைத்துனனும் அவன் காரில் பின்னாலேயே போனோம். அந்தக் கிளினிக்கில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். முன்னால் போகிற காரின் பின் கண்ணாடியில் பொடிசின் தலை தம்பி மனைவியின் தோளில் ஆடிக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் இறக்கியவுடன் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடினார்கள். யாரோ பொட்டாசியம் என்று கத்தினார்கள். மெஷினைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டே ஓடி வந்தவன் அந்த டெக்னீஷியன்தான். சட்டையெல்லாம் வியர்வை. "ஏன் ஜட்ஜம்மா, மெஷினுக்கே லீவு கொடுத்துட்டீங்களா?" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினான். அவள் சிரிக்கவில்லை.

அரை மணி கழித்துக் கிட்னி டாக்டர் வெளியே வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அன்று மெதுவாகப் பேசவில்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா ஹார்ட் நின்னிருக்கும். காலையில ஏன் வரல? யார் தடுத்தது?"

தம்பியின் மனைவி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே கைபேசியை எடுத்து ஒன்பதாவது வரியைக் காட்டினேன்.

படித்தார். என்னைப் பார்த்தார். "இதுக்கா?" என்றார். பிறகு, நான் வேறு மொழிக்காரன் என்பது போல ஒவ்வொரு சொல்லாக, "இதுக்கா சார் மெஷினை நிறுத்தினீங்க?" என்றார்.

இரண்டாம் மாடியிலிருந்து மகளிர் டாக்டரை வரவழைத்தார். குள்ளமான பெண்மணி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். நேரே என்னிடம் வந்து, "நான் அவகிட்ட பேசணும். தனியா" என்றார்.

"எங்க குடும்பத்துல தனியாப் பேசற விஷயம்னு எதுவும் கிடையாதும்மா."

"தெரியுது. அதனாலதான் தனியா."

படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். அவளைப் பெற்றவர்களே வெளியேதான் நின்றார்கள். பெரியப்பாவுக்கு அங்கே என்ன இடம்? கால் மணி நேரம் திரைக்குப் பின்னால் மெஷின் சத்தமும் முணுமுணுப்பும். நடுவில் ஒரு தடவை பொடிசு சிரித்தது போல இருந்தது. அழுகையாகவும் இருக்கலாம். வெளியே நின்றவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. புதிதாக ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். நான்கு நாற்காலி, சுவரில் கர்ப்பப்பையின் படம். நான் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"உங்க பொண்ணு கர்ப்பமா இல்லை" என்றார். முதல் வாக்கியமே அதுதான். "இருந்ததும் இல்லை."

தம்பியின் மனைவி அசையவில்லை. அவளுக்கு அது செய்தியே அல்ல.

"அப்ப இந்த பாசிட்டிவ்?" என்றான் தம்பி.

"ரத்தத்துல ஒரு ஹார்மோனை அளக்கறோம். அஞ்சுக்கு மேல போனா மெஷின் தானா பாசிட்டிவ்னு அச்சடிச்சிடும். இவளுக்கு வெள்ளிக்கிழமை பதினொண்ணு. கர்ப்பம்னா ரெண்டு நாளைக்கு ஒருதடவை கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும், இன்னிக்கு முப்பதையாவது தாண்டியிருக்கணும். இன்னிக்கும் பதினொண்ணுதான். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இது கொஞ்சம் ஏறி நிக்கறது உண்டு. உடம்பு வெளியேத்த முடியாம தங்கிடும். மாதவிலக்கு நிக்கறதும் சகஜம். வேற யாராவதா இருந்தா சிறுநீர்ல பார்த்து அஞ்சு நிமிஷத்துல சந்தேகத்தைத் தீர்த்திருப்பேன். இவளுக்குத்தான் அது இல்லையே."

"அப்புறம் ஏன் இந்தப் பரிசோதனை?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"மாற்று கிட்னி வெச்சதும் கொடுக்கற மருந்துல ஒண்ணு, கருவுல குழந்தை இருந்தா அதைச் சிதைச்சிடும். அதனால வயசுக்கு வந்த எல்லாப் பொண்ணுங்களுக்கும் பார்ப்போம். சந்தேகப்பட்டுப் பார்க்கறது இல்ல. பதினாறுக்கும் பார்ப்போம், நாப்பதுக்கும் பார்ப்போம்."

காலித் தட்டிலேயே முள் நகர்ந்து நிற்கும் தராசுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தராசைக் கண்டால் முதலில் தட்டைத் துடைப்போம். பிறகு அரசு முத்திரையிட்ட எடைக்கல் வைத்துப் பார்ப்போம். மூன்று தடவை பார்க்காமல் எந்தக் கடைக்காரர் மேலும் வழக்கு எழுதியதில்லை. பெட்டிக் கடைக்காரருக்குக் கொடுத்த அந்த மூன்று தடவையை என் தம்பி மகளுக்கு நான் கொடுக்கவில்லை.

மகளிர் டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே இவளை என்கிட்ட காட்டச் சொல்லி எழுதியிருக்காங்க. வந்திருந்தா இந்த ஹார்மோன் இவளுக்கு எப்பவுமே ஏறித்தான் நிக்கும்னு அப்பவே குறிச்சு வெச்சிருப்பேன். போன வருஷம் மாதவிலக்குல ரத்தம் நிக்காமப் போய் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கீங்க. மாத்திரையில நிறுத்தியிருப்பேன். வெளி ரத்தம் ஏறினா உடம்பு அடுத்தவங்க உறுப்பை எதிர்க்கக் கத்துக்கும். அம்மாவோட கிட்னியாவது ஒத்து வந்துச்சேன்னு இருக்கு. ஏன் அப்ப கூட்டிட்டு வரல?"

பக்கத்தின் அடியில் குடும்பத்தினர் மறுத்தனர் என்று எழுதி, கீழே கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து. சாய்வில்லாமல், முழுப் பெயரோடு.

நினைவு வந்தது. கல்யாணமாகாத பெண்ணைப் பிரசவப் பிரிவு வாசலில் உட்கார வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. ரத்தம் போன அந்த மாதம் அவள் உள் அறையில் எத்தனை நாள் சுருண்டு கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது. தம்பி மனைவிக்குத் தெரியும். அவள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கோப்புல இருக்கற போன் நம்பர் யாரோடது?" என்றார் டாக்டர்.

"என்னோடது."

"இனிமே அவளோடது இருக்கட்டும்."

அப்போது ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கதவைத் திறந்தார். தம்பியின் மனைவியைப் பார்த்து, "நீங்களா? காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றார்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே."

"சார் சொன்னாரே, ரெண்டு நாளா ரொம்ப அதிகம்னு. நான் உங்க நாளை வேற குடும்பத்துக்குக் கொடுத்துட்டேனே! இனி அஞ்சு வாரம் கழிச்சுத்தான் தியேட்டர் கிடைக்கும்."

தம்பி மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"அஞ்சு வாரம்" என்றாள் அவள். "இன்னும் பதினஞ்சு தடவை அந்த ஊசி." எழுந்து வெளியே போய்விட்டாள்.

புதன்கிழமை பொடிசு வீட்டுக்கு வந்தாள். வியாழன் மதியம், சனிக்கிழமை மேசையில் இருந்த அத்தனை பேரையும் அதே மேசைக்குக் கூப்பிட்டேன். மைத்துனன் வேலை இருக்கிறது என்றான். வந்தே ஆக வேண்டும் என்றேன். நாலு பேர் முன்னால் விழுந்த சொல்லை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். பொடிசை என் நாற்காலியில் உட்காரச் சொல்லி எதிரே நின்றேன்.

"நான் கேட்டது தப்பு. மெஷினை நிறுத்தினது அதைவிடத் தப்பு. பொய் சொல்லி உன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்டதும் நான்தான். என்னை மன்னிச்சிடும்மா."

என் வாழ்நாளில் அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. வாயிலிருந்து வெளியே வந்ததும் நானே திடுக்கிட்டேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

பொடிசு மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"பெரியப்பா, அன்னிக்கு எடை மெஷின்ல ஏறினேன்ல. மூணு கிலோ தண்ணின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நீங்க என் வயித்தைப் பார்த்தீங்க."

"ஆமா."

"நான் உங்களைப் பார்த்துட்டு இருந்தேன்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நின்றபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியின் மனைவி வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் நின்ற இடத்தைச் சுற்றித் துடைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. தாயின் சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். முதல் நாள் எத்தனை மில்லி சிறுநீர் பிரிந்தது என்று நர்ஸிடம் கேட்டேன். "பேஷண்ட்கிட்ட கேட்டுக்கோங்க சார்" என்றார். பொடிசே சொன்னாள், மூன்றாயிரத்து நானூறு. அவள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளிர் டாக்டரிடம் போகிறாள். துணைக்கு அவள் அம்மா போகிறாள். உள்ளே போவது பொடிசு மட்டும். என்ன பேசினார்கள், என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியாது. கேட்பதும் இல்லை. காலை எடையை அவளே பார்த்து அவளே எழுதிக்கொள்கிறாள். என்னோடு பேசுகிறாள், கேலி செய்கிறாள், பேப்பரில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசுவதில்லை.

உறவுக்காரர்கள் நடுவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. என் மைத்துனன் வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பெண் வழி தவறிவிட்டாளாம், பெரியவர் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்து ஆபரேஷனுக்குச் சம்மதித்தாராம்.

தவறு. அவள் வழி தவறவில்லை. நான் யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டது நான். அவள் இன்னும் கொடுக்கவில்லை.